ரெண்டாவது குழாய்

கால்ல இடிக்குதுங்களாக்கா? தப்பா நெனச்சுக்காதீங்க. இருங்க, என்ற பக்கமா இழுத்து வெச்சுக்கறேன். பஸ்சு திரும்பறப்பெல்லாம் உருளுது. உருண்டையா இருக்குதுங்களே, ஒரு பக்கமா நிக்க மாட்டேங்குது.

சைலன்சருங்க. காருக்குப் பின்னாடி புகை போகுமே, அந்தக் குழாய். என்ற பழைய சேலையிலதான் சுத்திக் கட்டியிருக்கேன். ஏறறப்பவே கண்டக்டரு கேட்டாரு, "என்னம்மா, பொணத்தக் கட்டற மாதிரிக் கட்டி எடுத்துட்டு வந்திருக்கற?"ன்னு. குனிஞ்சுக்கிட்டேன். எப்பவுமே அப்படித்தானுங்க. வெளி ஆளுககிட்டப் பேசுனா நாக்கு மேலண்ணத்துல போயி ஒட்டிக்கும். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த நிறுத்திட்டேன். வாத்தியாரு எந்திரிச்சுப் படின்னு சொல்லீருவாரோங்கற பயத்துலயே நின்னுட்டேன்னு எங்கம்மா சொல்லும். மைனாவதின்னு பேரு வெச்சாங்க. மைனான்னு பேரு, கத்தவே மாட்டேங்குதுன்னு எங்க அத்தை, வீட்டுக்காரரோட அம்மா, கேலி பேசும். உங்ககிட்டத்தான் என்னமோ பேச வருது. புள்ளைக்கு பிஸ்கோத்துக் குடுத்தீங்களே, அதனாலயா இருக்கும்.

புள்ள கால்ல இருக்கற கட்டுங்களா? அது ஒண்ணுமில்லீங்க்கா. குழாய் சுட்டிருச்சு, கெண்டைக்கால்ல. ஆறிப்போயிரும்னு சொன்னாங்க. தூங்கட்டும் பாவம், இப்பத்தான் கண்ண மூடியிருக்கறா. தூங்கறப்பவும் பாருங்க, ரெண்டு கையும் காது மேலயே இருக்குது. டிரைவரு கியரு மாத்துனா ஒரு ஒதறு ஒதறுவா.

நீங்க உடுமலை வரைக்குமா? நல்லதுங்க. நான் எங்க எறங்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. ஒண்ணு, வாய்க்கால் பாலத்துல எறங்கோணும். இல்லைன்னா உடுமலையில எறங்கி டேசனுக்குப் போகோணும். ஆமாங்க, போலீஸ் டேசன்தான். பாலம் வாரதுக்குள்ள தெரிஞ்சுரும்.

எல்லாம் இந்தக் குழாயினால வந்த வெனைங்க. ஒண்ணோட நின்னிருந்தா ஒரு வம்பும் இல்ல. ரெண்டு வேணும்னு ஆசப்பட்டாங்க பாருங்க, அதுல புடிச்சுதுங்க சனி.

எங்க வீட்டுக்காரரும் அவரு அண்ணனும் தேங்கா ஏவாரம். தோப்புத் தோப்பாப் போயி மரத்தப் பாத்து, காயி பேசி எடுக்கறது. அதுக்குன்னு ரெண்டு பேரும் கூட்டா ஒரு பழைய காரு எடுத்தாங்க. சின்னது, வெள்ளைக் காரு. மூத்தாருக்கு, அதான் அவரு அண்ணனுக்கு, கல்யாணம் ஆகல. எங்க பக்கத்துல பொண்ணு எங்கீங்க கெடைக்குது? தம்பி, இவருக்கு என்னையக் கட்டி வெச்சதே பெரும்பாடு. மூத்தாரு பேரு திருமூர்த்தி. நான் அந்தப் பேரச் சொல்றதில்ல, இன்னைக்குச் சொல்லித்தான ஆகோணும், அதனால பழகிக்கறேன்.

அவருகிட்ட நான் நேரா நின்னு ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. வீட்டு வழக்கம் அப்படி. புள்ளய வெச்சுத்தான் பேசறது. "தன்ஷி, பெரியப்பாவச் சாப்புட வரச் சொல்லு"ன்னு நான் சொல்லுவேன். அவரும், "பாப்பா, கொளம்பு நல்லாருக்குதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு"ம்பாரு. மூணு பேரும் ஒரே அறையிலதான் இருப்போம். இவ நடுவுல நின்னு தலையத் திருப்பித் திருப்பி ரெண்டு பக்கமும் சொல்லுவா. சில நாளு அவரு தட்டுல கையே வெச்சிருக்க மாட்டாரு, அதுக்குள்ள இவ, "கொளம்பு நல்லாருக்குதாம்மா"ன்னு கத்தீருவா. அவரு சிரிச்சுட்டுப் பேசாம உங்குவாரு.

அப்படியே போயிருந்தா நல்லா இருந்திருக்கும். பல்லடத்துல சொந்தத்துல ஒரு ஒறம்பரைக் கல்யாணம். நாங்க எல்லாரும் காருலதான் போனோம். அங்க எங்க வீட்டுக்காரரோட மச்சான் முறை ஒருத்தரு, துளசிராமன்னு பேரு, அவரும் காரு கொண்டாந்திருந்தாரு. பின்னாடி இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு குழாய். மாப்பிள்ளை அழைப்புல அவரு ஆக்சிலேட்டர ஒரு மிதி மிதிச்சாருங்க, நாதசுரக்காரரு பீப்பிய வாயில இருந்து எடுத்துட்டாரு. அவ்வளவு சத்தம். அப்பறம் எங்க வண்டிய ஸ்டார்ட்டு பண்ணுனதும் அவரு வந்து பானட்டுல காத வெச்சுக் கேட்டாரு. "மாப்ள, இது காரா, தையல் மிஷினா? ஒரு ரவிக்கை தெச்சுக் குடுக்கச் சொல்லேன்"ன்னாரு. அத்தன பேரும் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிக்கறாங்களேன்னு நானும் லேசாப் பல்லக் காட்டிட்டேன்.

பல்லக் காட்டுனதுக்கு வர்ற வழியில எங்க வீட்டுக்காரரு கன்னத்துல ஒண்ணு விட்டாரு. இவ மடியில இருந்தா, அவ தலையும் என்ற தலையும் சேந்து கண்ணாடியில இடிச்சுது. மூத்தாருதான் வண்டி ஓட்டிட்டு இருந்தாரு. நிறுத்திட்டாரு. "எறங்கு. நடந்து வா"ன்னு தம்பியப் பாத்துச் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு எறங்கல, அவரும் வண்டிய எடுக்கல. கொஞ்ச நேரம் ரோட்டோரமா அப்படியே உக்காந்திருந்தோம். அப்பறம் எங்க அத்தைதான், "சரி எடுப்பா, பால் கறக்கோணும்"னுச்சு.

அப்படிப் பாக்காதீங்க்கா. எங்க வீட்டுக்காரரு தங்கமான மனுசன். காரு வாங்கறதுக்கு முன்னாடியெல்லாம் இப்படி இல்லவே இல்லீங்க. அப்ப பைக்குதான வெச்சிருந்தாரு. இந்தப் பல்லு போனது பைக்குக் காலத்துல.

அடுத்த வாரமே பழனி ரோட்டுல ஒரு பாய் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. செவுரு பூராம் சைலன்சரு, கசாப்புக் கடையில தொடை தொங்குமே, அந்த மாதிரி. பாய் சொன்னாரு, "அண்ணே, சிங்கிளு மாட்டுனா வண்டிக்கு நல்லது. டபுளு மாட்டுனா மூஞ்சிக்கு நல்லது. உங்களுக்கு எதுக்கு வேணும்?"

"ரெண்டு போட்டா இழுவை கூடுமா பாய்?"ன்னாரு மூத்தாரு.

"இஞ்சினு ஒண்ணுதானுங்களே. சின்ன இஞ்சினு வேற. ஒரே மூச்சத்தான் ரெண்டாப் பிரிச்சு விடப் போறோம். மேடு ஏறறப்பத் தெணறும். பம்பர வெட்டோணும், வேகத்தடையில இடிக்கும். ஆனா சத்தம் இருக்குதே சத்தம், ஊரே திரும்பிப் பாக்கும்."

"பொறகு எதுக்கு? புதுசா சிங்கிளே ஒண்ணு போட்டுரலாம். கொஞ்சம் கணீர்னு இருந்தாப் போதும். வீட்டுல பாப்பா தூங்கறதில்லையா?"ன்னாரு மூத்தாரு. எங்க வீட்டுக்காரருக்கு மூஞ்சி செவந்து போச்சு. "தையல் மிஷினுக்குப் புது ஊசி போடச் சொல்றயா? ரெண்டுதான்"ன்னாரு. அப்பறம் சட்டுன்னு எம்பக்கம் திரும்பி, "நீ சொல்லு புள்ள, ஒண்ணா ரெண்டா?"ன்னாருங்க.

கல்யாணம் ஆனதுலருந்து என்னைய அவரு ஒண்ணு கேட்டது அதுதான் மொதத் தடவ. சந்தோசமாக்கூட இருந்துச்சு. ஆனா கடையில அத்தன ஆம்பளைக. நான் கால் கட்டைவெரலப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். வீட்டுக்கு வந்ததும் கூட்டற சீவக்கட்டைய எடுத்துட்டாரு. ஊமைச்சியக் கட்டுனவன்னு ஊரே சிரிக்கறதுக்கு வழி பண்ணிட்டயேன்னு முதுகுல, கையில. பேசுனா ஏன் பேசுனன்னு அடிப்பாரு, பேசலைன்னா ஏன் பேசலைன்னு அடிப்பாரு. அதுல ஒண்ணும் கள்ளங் கபடம் கெடையாது. வெளிப்படையான ஆளு.

பொறகு வீட்டுல நாளெல்லாம் இதே பேச்சு. ஒண்ணா ரெண்டா, ஒண்ணா ரெண்டா. தட்டு பறக்கும், செம்பு பறக்கும். ஒரு நாளு தேங்கா உரிக்கற கடப்பாரை பக்கத்துல ரெண்டு பேரும் சட்டையப் புடிச்சுட்டு நின்னாங்க. அதோட கூரு முனை மேல பாத்து நிக்குது. எங்க அத்தை நடுவுல பூந்து, "அடிச்சுக்கிட்டுச் சாகாதீங்கடா. கருப்பன்கிட்டப் பூ கேட்டுருங்க. சாமி சொன்னா ரெண்டு பேரும் கேப்பீங்களா?"ன்னுச்சு.

உங்க பக்கமும் பூ கேப்பீங்களா? அதேதானுங்க. வெள்ளைப் பூவு ஒரு பொட்டலம், செவப்புப் பூவு ஒரு பொட்டலம், சாமி முன்னாடி வெச்சு, ஒண்ணும் அறியாத கொழந்தைய எடுக்கச் சொல்றது. கல்யாணத்துக்குக் கேப்பாங்க, கெணறு வெட்டக் கேப்பாங்க. சைலன்சருக்கு யாரும் கேட்டதில்ல. எங்க கருப்பனுக்கும் அது என்னன்னு தெரியுமோ என்னமோ. வெள்ளைன்னா ஒரு குழாய், செவப்புன்னா ரெண்டு குழாய்னு பேசிக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரருதான் அரளி பறிச்சு, வெத்தலையில மடிச்சு, வாழநாருல கட்டி வெச்சாரு. தன்ஷிதான் எடுத்தா. பிரிச்சா செவப்பு. மூத்தாரு சாமியக் கும்புட்டுட்டு, "பாப்பா எடுத்துட்டா, சரி"ன்னுட்டுப் போயிட்டாரு.

எல்லாரும் போனதுக்கப்பறம் நான் அந்த எடத்தக் கூட்டிக்கிட்டு இருந்தேன். இன்னொரு பொட்டலம் அங்கயே கெடந்துச்சு. சாமி பூவாச்சே, மிதிபடக் கூடாதுன்னு எடுத்துப் பிரிச்சேன்.

அதுவும் செவப்புங்க.

எங்க வீட்டுக்காரரு பின்னாடி இருந்து பாத்துட்டே நின்னிருக்கறாரு. நான் திரும்புனதும் சிரிச்சாரு. "வெள்ளை கெடைக்கல புள்ள"ன்னாரு. அவ்வளவு சாதாரணமாச் சொன்னாருங்க. கருப்பன் கோயிலுக்குப் பின்னாடி வெள்ளை அரளி குலுங்கிக் கெடக்குது. நான் அந்தப் பக்கம் லேசாத் திரும்பித்தான் பாத்தேன். அவ்வளவுதான். தாடைய ஒரு கையில புடிச்சு நெரிச்சு, அந்தப் பூவ வாயில திணிச்சு, மூக்கோட சேத்துப் பொத்திட்டாரு. "மெல்லு. மென்னு முழுங்கு. வெளிய வரக்கூடாது, பூவும் வரக்கூடாது பேச்சும் வரக்கூடாது." அரளி வெசமுங்க்கா. எங்கூருல அரளி வெதையரைச்சுக் குடிச்சவங்க எத்தன பேரு. நல்லவேளை, எனக்கு முழுங்க வரல. எனக்கு எதுவும் சட்டுன்னு வராதே. அவரு கைய எடுத்ததும் துப்பிட்டேன். மூணு நாளைக்கு நாக்குல கசப்பு போகல.

அதுக்குத்தான் சொல்றேன், சாமியவே ஏமாத்தறது தப்பில்லீங்களா? அடிச்சத நான் பெருசா எடுத்துக்கல. சாமி விசயத்துல பொய்யி கூடாது.

ரெண்டு குழாயும் மாட்டுனாங்க. மாட்டுன அன்னைக்கே எங்க வீட்டுக்காரரு வாசல்ல நிறுத்தி ஆக்சிலேட்டர மிதிச்சாரு. கட்டியிருந்த செனையாடு கயித்த அத்துட்டு ஓடிக் கம்பி வேலியில விழுந்து வயிறு கிழிஞ்சுருச்சு. குட்டி பொழைக்கல. இவ, தன்ஷி, மொதச் சத்தத்துக்கே ஒண்ணுக்குப் போயிட்டா. அப்பறம் அப்பன் சாவியக் கையில எடுத்தாலே காதப் பொத்திட்டுக் கட்டலுக்கு அடியில பூந்துக்குவா. "என்ற புள்ளையே என்ற வண்டிக்குப் பயந்தா எப்படி?"ன்னு அவருக்கு அவமானம்.

ஆனா பாருங்க, பாய் சொன்ன மாதிரியே ஆயிப்போச்சு. அமராவதி பக்கம் ஒரு சீருக்குப் போனோம், மூத்தாரு மட்டும் தோப்புல நின்னுக்கிட்டாரு. மேட்டுல வண்டி கத்துது, ஏற மாட்டேங்குது. எல்லாரும் எறங்கித் தள்ளுனோம். எங்க அத்தைகூடத் தள்ளுச்சு. அந்த நேரம் பாத்து துளசிராமன் காரு சர்ருன்னு பக்கத்துல வந்து நின்னுச்சு. கண்ணாடிய எறக்கி, "என்ன மாப்ள, சத்தம் வருது, வண்டி வரலையே?"ன்னாரு. உள்ள இருந்த பொம்பளைகல்லாம் சிரிச்சாங்க. இந்தத் தடவ நான் சிரிக்கலீங்க. சேலையக் கடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து சேந்தோம். அவரு வண்டிய விட்டு எறங்கறாரு, இவ காதப் பொத்திட்டு ஓடறா. அதுதான் அவரு கண்ணுல பட்டுது.

"வாடி இங்க. இன்னைக்கு உனக்குப் பயந் தெளிய வெக்கறேன்"ன்னு தூக்கிட்டு வந்து, காருக்குப் பின்னாடி, அந்த ரெண்டாவது குழாய் பக்கத்துல நிக்க வெச்சாரு. வண்டி அப்படியே ஓடிக்கிட்டு இருக்குது. அங்கயே நில்லுன்னுட்டு முன்னாடி போயி ஒரு உரிச்ச தேங்காய எடுத்து ஆக்சிலேட்டரு மேல இடுக்கி வெச்சாரு. அது பேய் மாதிரிக் கத்த ஆரம்பிச்சுது. இவ ரெண்டு கையையும் காதுல இருந்து பிச்சு எடுத்து, பின்னாடி முறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. "கேளு. நல்லாக் கேளு. பழகிரும்." இவ வாய் தொறந்திருக்குது, அழற சத்தமே கேக்கல. காலு ரெண்டும் ஒதைக்குது. ஒதைச்ச ஒதையில கெண்டைக்காலு போயிக் குழாயில ஒட்டிக்கிச்சு. அவரு விடல. தோலு வாசம் வந்துச்சுங்க்கா. சீருக்குக் கொண்டு போன தட்டு எங்கையிலயே இருந்துச்சு. நான் கத்துனேன்னுதான் நெனச்சேன். வாயில ஒண்ணும் வரல.

குழாய் சுட்டிருச்சுன்னு மொதல்ல சொன்னேன் பாருங்க. பொய்யி இல்லீங்க. குழாய்தான் சுட்டுது.

மூத்தாரு தோப்புல இருந்து ஓடியாந்தாரு. புள்ளயப் புடுங்கி எங்கிட்டப் போட்டுட்டு, தம்பிய மிதிச்சுத் தள்ளிட்டு, தேங்காய எடுத்து வீசுனாரு. கன்னத்துல மாறி மாறி அறைஞ்சாரு. எங்க வீட்டுக்காரரு திருப்பி அடிக்கல. ஒதட்டுல ரத்தத்தத் தொடச்சுட்டு, "என்ற புள்ளைக்கு நான் அப்பனா, நீ அப்பனா?"ன்னாரு. அதுக்கு மேல என்னையவும் அவரையும் சேத்து என்னமோ சொன்னாரு. அத நான் சொல்ல மாட்டேனுங்க. டேசன்லயும் சொல்ல மாட்டேன்.

மறுநாளு காலையில, எங்க வீட்டுக்காரரு குடிச்சுட்டு வந்து படுத்திருந்தாரு. மூத்தாரு காரு பின்னாடியத் தூக்கி நிறுத்தி, ஆக்ஸா பிளேடுல அந்த ரெண்டாவது குழாய அறுத்தாரு. இவ கால்ல கட்டோட பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தா. "பெரியப்பா, அதுக்கு வலிக்குமா?"ன்னா. "நல்லா வலிக்கட்டும் பாப்பா"ன்னாரு. அறுத்துக் கீழ போட்டாரு. அறுத்துட்டாச் சத்தம் போயிரும்னு நெனச்சாரு பாவம். ஒருக்கா ஸ்டார்ட்டு பண்ணிப் பாத்தாரு. மூடியில்லாத வாயி மாதிரி முன்னைக்கும் அதிகமாக் கத்துச்சு. சட்டுன்னு நிறுத்திட்டாரு. ஆனா உள்ள படுத்திருந்தவரு எந்திரிச்சுட்டாரு.

மூத்தாரு குனிஞ்சு அறுத்த வாய்க்குத் துணி அடைச்சுட்டு இருந்தாரு. எங்க வீட்டுக்காரரு வந்தாரு.  கீழ கெடந்த இந்தக் குழாய ரெண்டு கையிலயும் எடுத்தாரு. பொடனியில ஒண்ணு. அவரு யாருன்னு திரும்பிப் பாத்தாரு பாருங்க, அப்ப மூஞ்சியில ஒண்ணு. விழுந்ததுக்கப்பறமும் நிறுத்தல. அத்தன நாளு ஊரு கேக்கக் கத்துன குழாய், அன்னைக்கு ஒரு சத்தமும் போடல. சொதக், சொதக்குன்னு, மழையில நெனஞ்ச தேங்கா மண்ணுல விழற மாதிரி. பல்லு ரெண்டு என்ற காலடியில வந்து விழுந்துச்சு.

மூத்தாரு ரத்தத்துக்குள்ள இருந்து ஒரு கண்ண மட்டும் தொறந்தாரு. என்னையப் பாத்தாரு. "மைனா, புள்ளய உள்ள கூட்டிட்டுப் போ"ன்னாரு.

நேராச் சொன்னாருங்க்கா. எங்கிட்ட. பேரச் சொல்லி. புள்ளய நடுவுல வெக்கல.

அதுக்கப்பறம் அவரு பேசல. கோயமுத்தூருல பெரியாஸ்பத்திரியில கெடக்கறாரு. மூக்குல கொழாய், வாயில கொழாய். நெனப்பு வரலீங்க. எங்க அத்தை டாக்டருகிட்டத் தேங்கா விழுந்துருச்சுன்னு சொல்லீருச்சு. தேங்கா தலையில விழுந்து சாகறது எங்க பக்கம் உள்ளதுதான். டாக்டரு ஒரு மாதிரிப் பாத்தாரு. "ஏம்மா, ஒரே தேங்கா பொடனியிலயும் விழுந்து மூஞ்சியிலயும் விழுமா?"ன்னாரு. எங்க அத்தை, "கொலையோட விழுந்துருச்சு சாமி"ன்னு நெஞ்சுல அடிச்சுட்டு அழுவுது. அழுகை நெசந்தானுங்க. "ஒருத்தன் ஆஸ்பத்திரியில கெடக்கறான், இருக்கறவனையும் ஜெயிலுக்கு அனுப்பீட்டு நான் யாருக்குச் சோறாக்கறது?"ன்னு எங்கிட்டச் சொல்லுச்சு. பெத்த வயிறு, அதையும் குத்தஞ் சொல்ல முடியாது.

போலீஸ்காரரு ஒருத்தரு வீட்டுக்கு வந்து விசாரிச்சாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். "அந்தப் பொண்ணு யாரு? அது பாத்துச்சா?"ன்னாரு. "மருமவளுங்க. அதுக்குப் பேச வராது"ன்னுச்சு அத்தை. அவரும் சரின்னு எழுந்திரிச்சுட்டாரு. வாசல் வரைக்கும் போயி ஒருக்காத் திரும்பிப் பாத்தாரு. நான் கட்டைவெரலப் பாத்துட்டே நின்னேன்.

அத்தை இந்தக் குழாயக் கழுவி வெக்கச் சொல்லுச்சு, சாம்பலும் புளியும் போட்டு. தண்ணித் தொட்டிகிட்ட எடுத்துட்டுப் போனேன். தண்ணியெல்லாம் சத்தமா மொண்டு ஊத்துனேன். குழாயக் கழுவ மட்டும் மறந்துட்டேங்க்கா. வேல மும்முரத்துல மறந்து போறதுதான? அப்படியே தான் இருக்குது. அறுத்த வாயில முடியெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்குது. அதனாலதான் சேலையில சுத்தியிருக்கேன், நீங்க பயந்துக்குவீங்கன்னு.

எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே காரக் கெளப்பிட்டுக் கேரளாவுக்குள்ள போயிட்டாரு, அங்க ஒரு சிநேகிதன் எஸ்டேட்டு. நேத்து ராத்திரி போனு பண்ணுனாரு. அண்ணன் எப்படி இருக்கறான்னு கேப்பாருன்னு பாத்தேன். கேக்கல. "அந்தக் குழாய எடுத்துட்டுப் போயி, பாலத்து மேல இருந்து வாய்க்கால்ல போட்டுரு. தண்ணி வுட்டிருக்காங்க, இழுத்துட்டுப் போயிரும். அப்படியே பாய் கடைக்குப் போயி, அதே மாதிரி ஒண்ணு எடுத்து வெக்கச் சொல்லீரு. நான் வந்ததும் மாட்டோணும்"ன்னாரு. சரீங்கன்னேன். போன வெக்கப் போனவரு மறுபடியும், "தன்ஷி என்ன பண்றா? இன்னும் காதப் பொத்தறாளா?"ன்னாரு.  "வாரேன். வந்து தெளிய வெக்கறேன்"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.

பாசமான அப்பன்தான். புள்ள நெனப்பாவே இருக்கறாரு.

அதாங்க்கா, எனக்கு ஒண்ணும் புரியல. வாய்க்காலா, டேசனா? வாய்க்கால்ல போட்டா அவரு வீட்டுக்கு வந்துருவாரு. டேசன்ல குடுத்தா வர மாட்டாரு. நான் யாருங்க இதுல முடிவு பண்றதுக்கு? ஒண்ணா ரெண்டான்னு கேட்டதுக்கே வாய் தொறக்காதவ. அதனால நானும் சாமிகிட்டவே கேட்டுரலாம்னு இருக்கேன். விடியக்காலம் கருப்பன் கோயிலுக்குப் போயிப் பூப் பறிச்சு, பொட்டலம் மடிச்சுக் கொண்டாந்துட்டேன். இந்தாங்க, பாருங்க. ரெண்டு. வெள்ளைன்னா வாய்க்கால், செவப்புன்னா டேசன்.

கொழந்ததான் எடுக்கோணும். ஆனா இது இவ அப்பனப் பத்துன பூவு. இவ கையால வேண்டாமுங்க. நாளைக்குப் பெருசானா மனசுல வெச்சுக்குவா. ஏற்கெனவே ஒருக்கா எடுத்து என்ன ஆச்சு பாத்தீங்களே. நீங்க யாரோ, நான் யாரோ. உங்களுக்கு ஒண்ணும் இல்ல இதுல. கண்ண மூடிக்கிட்டு ஒண்ணத் தொடுங்க்கா. யோசிக்காதீங்க, அதோ தென்னமரமெல்லாம் முடிஞ்சுருச்சு, அடுத்தது பாலம்தான். எதுனாலும் சரிதானுங்க.

இதா? சரிங்க. நீங்களே பிரிங்க.

செவப்பு.

பாத்தீங்களா. சாமி சொல்லீருச்சு. நான் சொல்லலீங்க. அவரு நாளைக்குக் கேட்டாலும் சொல்லுவேன், நான் சொல்லல, கருப்பன் சொன்னதுன்னு. நான் அவர மாதிரி இல்லீங்க, சாமி வாக்க மீறமாட்டேன்.

இதுதான் பாலமுங்களா? தண்ணி நெறையத்தான் போகுது. யாரோ எறங்கறாங்க. போகட்டும். போகட்டும், வண்டிய எடுத்துட்டாங்க.

டேசன்ல எப்படிப் பேசறதுன்னுதான் வெசனமா இருக்குது. இப்ப உங்ககிட்டச் சொன்னேனே, இதே மாதிரி, சைலன்சரு வாங்குனதுலருந்து சொன்னாப் போதுமுங்களா? கேப்பாங்களா அவ்வளவு நேரம்? எனக்கு வேற மாதிரிச் சொல்லத் தெரியாது. வழக்கமா எதுன்னாலும் இவள முன்னாடி நிறுத்திச் சொல்லிச் சமாளிச்சுருவேன். இத இவள வெச்சுச் சொல்ல முடியாதுங்களே. நாந்தான் நேராச் சொல்லோணும்.

நீங்க பஸ்ஸ்டாண்டுலதான எறங்கறீங்க? இந்தக் குழாய கொஞ்சம் தூக்கி விட்டீங்கன்னாப் போதும். புள்ள ஒரு தோளு, இது ஒரு தோளு, நான் போயிருவேன். கனமா இருக்கும், கீழ விட்றாதீங்க. சத்தம் கேட்டா முழிச்சுக்குவா.

அந்த இன்னொரு பொட்டலத்த ஜன்னலு வழியா வீசீருங்க்கா. ஐயோ, அத எதுக்குப் பிரிக்கறீங்க? வேண்டாமுங்க. சாமி பூவுங்க, பிரிக்கக் கூடாது...

வெள்ளை கெடைக்கலீங்க்கா.